ஜனவரியிலேயே போங்கள்

வணக்கம். குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன், வயது 52. கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் இப்போது ஸ்ரீநகரில் பள்ளி ஆசிரியை. ஜனவரியில் வா, பனி பார்க்கலாம் என்று நாலு வருடமாகக் கூப்பிடுகிறாள். வீட்டிலோ, "போறதுன்னா ஏப்ரல்ல போ, துலிப் பூவாவது பார்க்கலாம், அந்தக் குளிர்ல என்ன இருக்கு" என்கிறார்கள். நீங்கள் பனிக்காலத்தில் அங்கே போனதாக எழுதியிருந்தீர்கள். போகலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள அக்கா,

ஜனவரியிலேயே போங்கள். காஷ்மீரில் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை விடுவது குளிர்காலத்தில்தான். ஏப்ரலில் போனால் உங்கள் தோழி காலையில் பள்ளிக்கூடம் போய்விடுவாள், நீங்கள் துலிப் தோட்டத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பீர்கள்.

நானும் என் தோழி வீட்டுக்குப் போனது சில்லாய் கலானில். டிசம்பர் 21-இல் தொடங்கும் கடுங்குளிர் நாற்பது நாளுக்கு அங்கே அதுதான் பெயர், நம் கணக்கில் மார்கழி ஆறாம் தேதிவாக்கில் தொடங்கி பாதி தை வரை. இரண்டாம் நாள் காலை விழித்தபோது ஊரில் ஒரு சத்தமும் இல்லை. நாய் குரைப்புகூட எங்கோ தொலைவில் கேட்டது. புதிதாக விழுந்த பனிக்குள் காற்று நிறைய அடைந்து கிடப்பதால் அது சத்தத்தை வாங்கிக்கொள்ளும் என்று அவள் சொன்னாள். சன்னலைத் திறந்தால் மதில், மரம், எதிர்வீட்டுக் கூரை எல்லாம் வெள்ளை. குழாயில் தண்ணீர் உறைந்திருந்தது, வெந்நீர் ஊற்றி இளக்கிய பிறகுதான் பல் தேய்த்தோம்.

அன்றைக்கு எங்கேயும் போக முடியவில்லை. மறுநாளும்தான். ஆளுக்கொரு ஃபெரன், அதாவது தொளதொளவென்று நீண்ட கம்பளி அங்கி, அதற்குள் வயிற்றோடு அணைத்தபடி ஒரு காங்கிரி. காங்கிரி என்றால், உள்ளே சின்ன மண்சட்டி, வெளியே பிரம்புக்கூடை மாதிரி வில்லோக் குச்சியில் பின்னியது, கரித்தணல் போட்டு மேலே சாம்பலை மூடியிருப்பார்கள். சூடு குறைந்தால் சாம்பலை மெல்லக் கிளறிவிட வேண்டும், அதை எனக்கு அவள்தான் கற்றுத்தந்தாள். அப்படி உட்கார்ந்து உப்புப் போட்ட இளஞ்சிவப்பு நூன் சாய் குடித்துக்கொண்டே பேசினோம். இருபது வருடமாக போனில் பத்துப் பத்து நிமிடமாகப் பேசியதெல்லாம் அந்த இரண்டு நாளில் முழுசாக வந்தது, அவள் அம்மா இறந்தபோது நான் வர முடியாமல் போனதும் சேர்த்து. நல்ல வெயில் நாளாக இருந்திருந்தால் தால் ஏரி, முகல் தோட்டம் என்று சுற்றியிருப்போம், அந்தப் பேச்சு வந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சாப்பாட்டுக்கும் கவலை வேண்டாம். கத்தரி, சுரை, தக்காளி எல்லாம் நாம் வற்றல் போடுவதுபோல வெயில் காலத்திலேயே காயவைத்து வைத்திருக்கிறார்கள், பனியில் சாலை அடைந்தாலும் குழம்பு உண்டு. காலையில் ஹரிசா கிடைத்தால் விடாதீர்கள். ராத்திரி முழுக்க வேகவைத்து மசித்த ஆட்டிறைச்சி அது.

பனிமலை பார்க்கிற குல்மார்க்குக்கு ஒரு நாள் போதும். ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் பனி கூடினால் மலையடிவாரத்துத் தங்மார்க்கில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டின வண்டிக்கு மாற வேண்டியிருக்கும். விமானமும் பனியால் ரத்தாகும், அதனால் திரும்பும் தேதிக்குப் பின்னால் இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில்தான் பிடிக்கும் என்றால் கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஜம்மு பக்கத்துக் கத்ரா வரை போகிறது, மூன்று நாள் பயணம். கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனிலிருந்து ரயில் உண்டு, செனாப் பாலத்தின்மேல் போகும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தூங்கப் போகும்போது காங்கிரியை அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். மூடிய அறையில் கரிப்புகை உயிருக்கே ஆபத்து.

அப்புறம், புட்டுமாவும் ஏத்தங்காய் சிப்ஸும் எடுத்துப்போங்கள், எத்தனை வருடம் ஆனாலும் நம்மூர்க்காரிக்கு அதுதான் வேண்டும். தேங்காய் எண்ணெய் கொண்டுபோனால் வாயகன்ற பாட்டிலில் ஊற்றுங்கள். நான் கொண்டுபோனது கல்லாக உறைந்துபோய், தலைக்கு வைக்க, அவள் பாட்டிலைக் காங்கிரிப் பக்கத்தில் கால்மணி நேரம் உருட்டிக்கொண்டே இருந்தாள்.