வந்த வேகத்தில் போகுமா?

கேள்வி: ஆன்லைனில் ராத்திரி ஆர்டர் போட்டால் மறுநாளே பொருள் வாசலில் வந்து நிற்கிறது. நல்ல வாடிக்கையாளர் சேவை என்றால் இதுதானே?

பதில்: ‘மறுநாளே’ என்று எவ்வளவு பரவசமாக எழுதியிருக்கிறீர்கள்! மூன்று வருடம் சுவர்க் கடிகாரம் இல்லாமலே காலம் தள்ளியவர், ஆர்டர் போட்ட நிமிடத்திலிருந்து அது இல்லாமல் தவிக்க ஆரம்பிக்கிறார். பார்சல் எந்த ஊரைத் தாண்டியது என்று ஐந்து நிமிடத்துக்கொரு தரம் போனை எடுத்துப் பார்க்கிறார். அது மறுநாளே வந்தும்விடுகிறது. அப்புறம்? பிரிக்காத பெட்டி ஒரு வாரம் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. ஆணி ஆர்டர் போட மறந்துவிட்டாராம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். சீக்கிரம் வருவது லாரி, கிடங்கு சம்பந்தப்பட்ட விஷயம். எந்தப் பகுதியில் எது விற்கும் என்று கணித்து முன்னாலேயே பக்கத்துக் கிடங்கில் அடுக்கி வைத்துவிடுகிறார்கள், நீங்கள் பட்டனைத் தட்டியதும் கிளம்பிவிடுகிறது. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேகத்தை மட்டும் நம்பியவர்கள் கதையும் இருக்கிறது. 1998இல் நியூயார்க்கில் ஆரம்பித்த காஸ்மோ என்கிற இணைய நிறுவனம், டெலிவரிக் கட்டணமே வாங்காமல் ஒரு மணி நேரத்தில் பொருளைக் கொண்டுவந்து கொடுத்தது. 2001இல் இழுத்து மூடிவிட்டார்கள். வேகத்தில் குறையில்லை, கணக்குதான் உதைத்தது.

கண்ணால் பார்க்காத பொருளை முகம் தெரியாத ஆளிடம் வாங்கும் தைரியம் ஜனங்களுக்கு எப்படி வந்தது? மாண்ட்கோமரி வார்ட் என்கிற அமெரிக்கர் 1872இல் ஒற்றைத் தாளில் விலைப்பட்டியல் அச்சடித்து, விவசாயிகளுக்குத் தபால்வழி விற்க ஆரம்பித்தார். 1875இல் ‘திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ்’ என்று அறிவித்தார். ‘மறுநாளே வரும்’ என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆகவே சேவையைப் பார்க்க ஆசையிருந்தால், உடைந்து வந்த ஒன்றைத் திருப்பி அனுப்பிப் பாருங்கள். மின்னலாக வந்த அதே பொருளை எடுத்துப்போக ஆள் ‘நாளை வருவார்’. மறுநாள் கேட்டால், அன்றைக்கும் ‘நாளை’. பணத்தை எடுக்க அவர்களுக்கு ஒரு நொடி, திருப்பிக் கொடுக்க ‘ஐந்து முதல் ஏழு வேலை நாட்கள்’. நடுவில் ஞாயிறு வந்தால் அதற்கும் சேர்த்து ஓய்வு.

புகார் சொல்லப் போனால் அரட்டைப் பெட்டியில் ஓர் இயந்திரம். “ஜாடி உடைந்திருக்கிறது” என்றால், “ஜாடி உடைந்திருப்பதாகச் சொல்கிறீர்கள், சரிதானே?” என்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானி வைசன்பாம் 1966இலேயே இதைச் செய்துவிட்டார். அவருடைய எலிசா என்கிற நிரல், நாம் சொன்னதையே கேள்வியாக்கி நம்மிடம் திருப்பும். அதற்கு மனம் இருப்பதாகவே சிலர் நம்பியதைப் பார்த்து மனிதர் கவலைப்பட்டார். இவர்களோ அதன் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு உத்தியோகம் கொடுத்துவிட்டார்கள். பேரப்பிள்ளை ஒரு வரி கூடுதலாகக் கற்றிருக்கிறது: “வேறு ஏதாவது உதவி வேண்டுமா?” முதல் உதவி எங்கே போயிற்று என்று கேட்டால் மறுபடி ஜாடியிலிருந்து ஆரம்பிக்கும்.

இத்தனைக்கும் பிறகு ‘எங்களுக்கு எத்தனை நட்சத்திரம்?’ என்று வேறு கேட்பார்கள். வாசகர்களும் சளைத்தவர்கள் இல்லை. ‘நாவல் பிரமாதம், அட்டைப்பெட்டி நசுங்கி வந்தது, ஒரு நட்சத்திரம்’ என்று எழுதுகிறார்கள். நாவலாசிரியர் என்ன செய்வார் பாவம், அவரா பெட்டி ஒட்டினார்? ஆனாலும் நம் புத்தக விமரிசகர்களைவிட இவர்கள் மேல். புத்தகம் வெளியாகும் முன்பே ‘தமிழின் தலைசிறந்த பத்து’ பட்டியலில் சேர்த்துவிடும் நண்பர்களை நான் அறிவேன். இவர்கள் பெட்டியையாவது பிரிக்கிறார்கள்.