குழந்தைக்கு லைஃப் ஜாக்கெட் எப்படிப் பார்த்து எடுப்பது?

ஏலகிரி புங்கனூர் ஏரியில் படகேறும் முன் பிள்ளைக்கு எந்த லைஃப் ஜாக்கெட் சரி? பலரும் கேட்கும் கேள்வி இது. தண்ணீரில் விழுந்தவரின் முகத்தை மேலே தாங்கிப் பிடிக்கும் மிதவைச் சட்டைதான் லைஃப் ஜாக்கெட். நம்ம வேலூர்ப் பக்கக் கிணறுகளில் நீச்சல் பழக முதுகில் சுரைக்குடுக்கை கட்டுவார்களே, அதே மாதிரி. கயிறு தளர்ந்தால் குடுக்கை மட்டும் மிதக்கும், பிள்ளை கீழே போய்விடும். தொளதொளப்பான ஜாக்கெட்டும் அப்படித்தான். "வளர்ந்தாலும் போடலாம்" என்று யூனிஃபார்ம் எடுப்பதுபோல இதை எடுக்கவே கூடாது.

சின்னக் குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலை கனம். முகம் குப்புறச் சாயும். அதனால்தான் பின்கழுத்தில் தலையைத் தாங்கும் காலரும், கால்களுக்கு நடுவே வரும் பெல்ட்டும் வேண்டும். வயதை விடுங்கள், உள்ளே அச்சிட்டிருக்கும் கிலோ அளவைப் பாருங்கள். அடுத்து மிதக்கும் திறன்: ஐஎஸ்ஓ 12402 என்ற சர்வதேசத் தரத்தில் 50 என்றிருந்தால் அது நீந்தத் தெரிந்தவர்களுக்கு. பிள்ளைக்கு 100 பாருங்கள். பக்கிள் எல்லாம் மாட்டி, இரு தோள்பட்டையையும் பிடித்து மேலே இழுங்கள். காதுவரை ஏறினால் தயங்காமல் சின்னதாகக் கேளுங்கள்.

கையில் மாட்டும் காற்றடைத்த வளையமே போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது வெறும் விளையாட்டுச் சாமான், ஒரு சின்ன ஓட்டை விழுந்தாலே காற்று இறங்கிவிடும்.