நெருக்கியடிப்பது யார்?

அன்புள்ள ஐயா,

காட்டுயிர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் வேட்டை வருகிறது, பருவநிலை மாற்றம் வருகிறது, மக்கள்தொகை மட்டும் வரவில்லை. 800 கோடிப் பேர் நெருக்கியடிக்கும் பூமியில் விலங்குக்கு ஏது இடம்? நாம் பாதியாகக் குறைந்தால்தான் அவை பிழைக்கும். இதைச் சொல்ல ஏன் தயக்கம்?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

தயக்கம் உண்டு. 'ஜனம் பெருத்துவிட்டது' என்பவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் பிள்ளைகளைத்தான் எண்ணுகிறார்கள்.

அப்புறம், ஸ்டெல்லர் கடற்பசு நினைவுக்கு வருகிறது. ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள பேரிங் தீவை ஒட்டிக் கடற்பாசி மேய்ந்துகொண்டிருந்த, ஏழெட்டு மீட்டர் நீளமுள்ள சாதுப் பிராணி. ஜார்ஜ் ஸ்டெல்லர் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் 1741இல் அதைப் பார்த்து எழுதிவைத்தார். தோல் வியாபாரத்துக்காக வேட்டைக்கு வந்தவர்கள் 1768க்குள் அதைத் தின்றே தீர்த்துவிட்டார்கள். அன்று உலக மக்கள்தொகை 100 கோடியைக்கூட எட்டவில்லை.

சரி, இன்றைக்கு வருவோம். 2018இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, பூமியிலுள்ள பாலூட்டிகளின் மொத்த எடையில் சுமார் 60 சதவீதம் கால்நடைகள், 36 சதவீதம் மனிதர்கள். காட்டு விலங்குகள், திமிங்கிலங்களையும் சேர்த்தே, வெறும் 4 சதவீதம். வாழத்தக்க நிலத்தில் ஏறக்குறைய பாதி விவசாயத்துக்குப் போகிறது. அதிலும் பெரும்பகுதி மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும். வீடும் சாலையும் பிடித்திருக்கும் இடம் இதோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆக, நெருக்கியடிப்பதில் நம்மைவிட நம் தட்டுக்குத்தான் பங்கு அதிகம்.

தலைக்கணக்குக்குப் பொருளே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1960களில் ஆண்டுக்கு 2 சதவீதத்தைத் தாண்டிய வளர்ச்சி இன்று 1 சதவீதத்துக்கும் கீழே. பெண்கள் படித்தார்கள், கருத்தடை கைக்கு எட்டியது, பிறந்த குழந்தைகள் பிழைத்தன. பெரும்பாலான இடங்களில் இதுவே போதுமாயிருந்தது. 2080களில் 1,030 கோடி வாக்கில் உச்சம் தொட்டு இறங்கும் என்கிறது ஐ.நா. கணிப்பு. நீங்கள் சொல்லும் பாதி, பேரழிவு ஏதும் இல்லாமல் நம் ஆயுளில் வராது. அதுவரை விலங்குகளைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

வெப்பம் கூடக்கூடப் பல உயிர்கள் துருவங்களை நோக்கியும் மலையின் மேல்பக்கமும் இடம்பெயர்கின்றன. நாம் வரைந்த சரணாலய எல்லையோ அங்கேயே நிற்கிறது. எல்லையைத் தாண்டினால் வயல், வேலி, நெடுஞ்சாலை. எனக்கு முதலில் அந்த வழியைத் திறக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் 1990களில் நெடுஞ்சாலைக்கு மேலே மண் கொட்டி, மரம் வளர்த்து விலங்குகளுக்குப் பாலம் கட்டினார்கள். மான்கள் சீக்கிரமே ஏறிவிட்டன. கரடிகளுக்கு நம்பிக்கை வரச் சில வருடங்கள் பிடித்தன.