கேள்வி பதில்: மனிதன் கடவுளாவானா?

கேள்வி: மனிதன் கடவுளாகலாம் என்ற மார்மன் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு சபை) போதனையை மறுத்தால், "நாம் கடவுளாகும்படி அவர் மனிதரானார் என்று உங்கள் நான்காம் நூற்றாண்டுத் திருச்சபைத் தந்தை அத்தனாசியுஸே எழுதியிருக்கிறாரே" என்று மடக்குகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: சொல்தான் ஒன்று. அந்த வரி, வார்த்தையானவர் (கிறிஸ்து) மனிதரானதைப் பற்றி அவர் எழுதிய நூலின் 54ஆம் பகுதியில் வருகிறது. அதே நூலின் 2, 3ஆம் பகுதிகளைப் படித்துவிட்டுப் போனால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். ஏற்கெனவே கிடந்த பொருளைக் கொண்டே கடவுள் உலகைச் செய்தார் என்ற பிளேட்டோவின் கருத்தை மறுத்து, எல்லாம் இன்மையிலிருந்து படைக்கப்பட்டது என்கிறார் அங்கே. மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1844 ஏப்ரல் 7 அன்று அமெரிக்காவின் நாவூ நகரில், இறந்துபோன கிங் ஃபாலெட் என்பவரின் நினைவாக ஆற்றிய உரை இதற்கு நேர் எதிர்: பொருளுக்குத் தொடக்கமில்லை, மனிதனின் அறிவுயிரும் படைக்கப்பட்டதல்ல, கடவுளும் ஒரு காலத்தில் மனிதராக இருந்தவர். அப்படியானால் கடவுளும் மனிதனும் ஒரே இனம்; வளர்ச்சியில்தான் ஏற்றத்தாழ்வு. கீழைத் (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபையோ, மனிதன் கடவுளின் ஆற்றல்களில் பங்குபெறுவான், அவருடைய சாரத்தில் அல்ல என்கிறது. 14ஆம் நூற்றாண்டில் அந்தத் திருச்சபையின் இறையியலாளர் கிரகோரி பலமாஸ் அந்த எல்லைக்கோட்டை அழுத்திப் போட்டார். உலையில் பழுத்த இரும்பு ஒளிரும், சுடும், நெருப்பாகிவிடாது.

ஆகவே "மனிதன் என்ன ஆவான்?" என்று பேச்சைத் தொடங்காதீர்கள், 2 பேதுரு 1:4இல் வரும் 'திவ்விய சுபாவம்' அவர்கள் கைக்குப் போய்விடும். "பிதா எப்போதாவது மனிதராக இருந்தாரா?" என்று கேளுங்கள். தனக்கு முன்னும் பின்னும் வேறு தேவன் இல்லை என்று கடவுள் சொல்லும் ஏசாயா 43:10 அங்கேதான் பலம் பெறும். அது விக்கிரகங்களைப் பற்றியது என்பார்கள். அடுத்து, எல்லாவற்றையும் தான் ஒருவராகவே செய்ததாக அவர் சொல்லும் 44:24க்குப் போங்கள்.

கடவுளாகும் மார்மன்களுக்கு "ஆளுக்கொரு கிரகம்" கிடைக்கும் என்ற கேலி வேண்டாம். அவர்கள் சபையே 2014இல் வெளியிட்ட கட்டுரையில் அதைக் கேலிச்சித்திரம் என்று ஒதுக்கியிருக்கிறது. "அப்போது அவர்கள் தேவர்களாயிருப்பார்கள்" என்று அவர்களுடைய 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' 132:20 சொல்வதையும், அந்த நிலைக்கு நித்திய திருமணம் (மரணத்துக்குப் பின்னும் நீடிக்கும் என்று அவர்கள் நம்பும் திருமணம்) நிபந்தனை என்பதையும் எடுத்துவையுங்கள். அது அவர்கள் வேதநூல், மறுக்க முடியாது.

கேள்வி: "நீங்கள் தேவர்கள்" என்று இயேசுவே யோவான் 10:34இல் சொல்கிறாரே?

பதில்: அவர் மேற்கோள் காட்டுவது சங்கீதம் 82:6. அடுத்த வசனமே "மனுஷரைப்போலச் செத்து" என்கிறது. அங்கே இருப்பது தீர்ப்பு, வாக்குறுதி அல்ல. "தேவர்கள் என்றால் நீதிபதிகள்" என்று மட்டும் சொல்லி நிறுத்துவது பலவீனமான பதில். அது பரலோக சபை, அதாவது கடவுளைச் சூழ்ந்திருக்கும் வானவர் கூட்டம், என்று பல வேத அறிஞர்கள் வாசிக்கிறார்கள், மார்மன்களுக்கும் அது தெரியும். எப்படி வாசித்தாலும், மனிதர் வளர்ந்து தேவராவதைப் பற்றி அந்தச் சங்கீதத்தில் ஒரு வரியும் இல்லை.