சார்ஜ் ஏறுகிறது, பாட்டு ஏறவில்லை

கேள்வி: எங்கள் அப்பாரு (தாத்தா) உடுக்கை அடித்து அண்ணமார் கதை பாடுவார். ஊர்க் கோயிலில் அவர் பாடியதைச் சித்தப்பா கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். அப்பாரு தவறிய பிறகு என் அண்ணன் அதையெல்லாம் கணினியில் ஏற்றி, ஒரு 160 ஜிபி ஐபாட் கிளாசிக்கில் போட்டுக் கொடுத்தான். கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. அண்ணனின் கணினியும் இப்போது இல்லை. என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் ஓட்டுகிறார். நாலு வருஷமாக அந்த ஐபாடைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். போன மாதம் லேப்டாப் வாங்கி, ஐடியூன்ஸ் போட்டு, புதுப் பாட்டு ஏற்றலாம் என்று செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது. லேப்டாப்பில் ஐபாட் வந்ததாகவே காட்டவில்லை. ஒரே ஒரு தடவை ஒயரை அழுத்திப் பிடித்தபோது ஏதோ ஒரு பெட்டி வந்து 'எரேஸ்' என்று கேட்டது. பயந்துபோய்ப் பிடுங்கிவிட்டேன். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, காங்கயம்

பதில்: பிடுங்கினீர்களே அம்மா, அதுதான் நீங்கள் செய்த நல்ல காரியம். அப்பாருவின் குரல் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அதை மறுபடி லேப்டாப்பில் செருகாதீர்கள்.

சிங்க் என்றால் காப்பி எடுப்பது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். காப்பி வேறு, சிங்க் வேறு. கணினியில் என்ன இருக்கிறதோ அதைப் போலவே ஐபாடையும் ஆக்கிவிடுவதுதான் சிங்க். கணினியில் இல்லாத பாட்டு ஐபாடிலும் இருக்கக் கூடாது என்பது அதன் கணக்கு. உங்கள் ஐபாட் அண்ணனின் கணினியோடு பழகியது. புது லேப்டாப்பைப் பார்த்ததும், "இது வேறொரு லைப்ரரியோடு சேர்ந்தது, அழித்துவிட்டு இதோடு சேர்த்துவிடவா?" என்று ஐடியூன்ஸ் கேட்கும். உங்களுக்கு வந்த பெட்டி அதுதான். அதில் 'எரேஸ் அண்டு சிங்க்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தியிருந்தால், ஒரு பாட்டும் இல்லாத லேப்டாப்பைப் போலவே உங்கள் ஐபாடும் காலியாகியிருக்கும்.

இதை நான் அனுபவித்துத்தான் சொல்கிறேன். பல வருஷம் முன்பு அந்தியூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் கோபியில் இருக்கும் என் கடைக்கு ஒரு ஐபாடைக் கொண்டுவந்தார். புதுப் பாட்டு ஏற்றித் தரச் சொன்னார். அந்தப் பெட்டி வந்தது, நான் படிக்காமல் அழுத்திவிட்டேன். குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் அவரே பதிந்து வைத்திருந்த மேளமெல்லாம் அதில் இருந்தது எனக்குத் தெரியாது. அழிந்ததை மீட்கிற மென்பொருளைப் போட்டு மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். கொஞ்சம்தான் திரும்பி வந்தது. மிச்சம் இருந்த இடத்தில் நான் ஏற்றிய சினிமாப் பாட்டு ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒன்றின் மேல் இன்னொன்று எழுதிவிட்டால் கீழே இருந்ததை எடுக்க வழியில்லை. அவர் கோபப்படவில்லை. "சரி வுடுங்க, போனது போச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து எந்தப் பிளேயர் வந்தாலும், முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைக்காமல் நான் வேலையைத் தொடுவதில்லை.

இப்போது உங்கள் ஐபாடுக்கு வருவோம். ஒயரை அழுத்திப் பிடித்தால் தெரிகிறது, விட்டால் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இந்த இரண்டு விவரமும் போதும். திருப்பூரிலிருந்து வருகிற ஐபாடை வாங்கியதும் நான் முதலில் கீழே இருக்கும் அந்த அகலமான வாயைத்தான் டார்ச் அடித்துப் பார்ப்பேன். அதற்குள் 30 சின்னக் கம்பிகள் வரிசையாக இருக்கின்றன. கரண்டு வருவதற்குத் தனிக் கம்பி, டேட்டா போக தனிக் கம்பி. பனியன் துணியின் பஞ்சு காற்றில் பறந்து சட்டைப் பைக்குள் இறங்கி, வேர்வையில் நனைந்து, ஒயரைச் செருகும்போதெல்லாம் உள்ளே தள்ளப்பட்டு, கடைசியில் விளக்குத் திரி மாதிரி இறுகிவிடுகிறது. நான் எடுத்ததில் சில திரிகள் ஒரு விரற்கடை நீளம் இருந்திருக்கின்றன. என்ன கலர் துணி ஓட்டினார்கள் என்றுகூட அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நேவி புளூ ஒரு அடுக்கு, அதன் மேல் வெள்ளை ஒரு அடுக்கு. பஞ்சு ஒரு ஓரத்தில் இறுகினால் ஒயர் முழுசாக உட்காராது. கரண்டுக் கம்பி தொட்டுக்கொண்டிருக்கும், டேட்டாக் கம்பி தொடாது. அதனால்தான் சார்ஜ் ஏறுகிறது, பாட்டு ஏறவில்லை.

ஐபாடை நிறுத்திவிட்டு, தென்னை ஈர்க்குச்சி ஒன்றை நுனி தட்டையாக வருகிற மாதிரிச் சீவிக்கொள்ளுங்கள். ஊக்கு, குண்டூசி, ஊசி எதுவும் வேண்டாம். கம்பி வளைந்தால் அந்த வாயையே மாற்ற வேண்டியிருக்கும். வாயின் இரண்டு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கம்பிகளைக் குத்தாமல், பஞ்சை மெதுவாக நெம்பி எடுங்கள். அவசரப்படாதீர்கள், பத்து நிமிஷம் ஆனாலும் ஆகட்டும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். பஞ்சு வந்த பிறகு உலர்ந்த பழைய பல் துலக்கும் பிரஷால் இரண்டு தேய் தேய்த்தால் போதும். ஒயரின் முனையையும் இதே மாதிரிப் பாருங்கள். அப்புறம் செருகிப் பார்த்தால் 'கடக்' என்று உட்காரும். அந்தச் சத்தம் வரவில்லையென்றால் இன்னும் பஞ்சு இருக்கிறது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகும் செருகியதும் ஐடியூன்ஸ் முந்திக்கொள்ளக் கூடாது. ஐடியூன்ஸை மூடிவிடுங்கள். தானாகத் திறந்துகொண்டால், ஐபாடைச் செருகும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தி, திரையில் ஐபாடின் பெயர் வரும் வரை பிடித்திருங்கள். தானாக சிங்க் ஆவது நிற்கும். எரேஸ் பெட்டி வந்தால் கேன்சல். "ஃபார்மேட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் அதற்கும் கேன்சல். அண்ணனின் கணினி ஆப்பிளின் மேக்காக இருந்திருந்தால் ஐபாடும் மேக் முறையில் இருக்கும், விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது, காலி டிஸ்க் என்று நினைத்துக்கொள்ளும். அப்படி வந்தால் மேக் வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோய்ச் செருக வேண்டியதுதான்.

வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மை கம்ப்யூட்டரில் (இப்போது 'திஸ் பிசி' என்று இருக்கும்) பென் டிரைவ் மாதிரி ஐபாட் தெரியும். தெரியாவிட்டால் ஐபாடின் ஹோல்ட் பட்டனை ஒரு தடவை போட்டு எடுத்துவிட்டு, மெனுவையும் நடுப் பட்டனையும் சேர்த்து ஆப்பிள் படம் வரும் வரை அழுத்துங்கள். படம் வந்ததும் உடனே கையை மாற்றி நடுப் பட்டனையும் பிளே பட்டனையும் அழுத்திப் பிடித்தால் டிஸ்க் மோடுக்குப் போகும். அதற்குள்ளே பாட்டு இருக்கும் ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியாது, மறைத்து வைத்திருப்பார்கள். விண்டோஸில் வியூ என்ற இடத்தில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்தால் 'ஐபாட் கண்ட்ரோல்' என்று ஒன்று மங்கலாக வரும். அதற்குள் மியூசிக், அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள். அந்த மியூசிக் ஃபோல்டரை அப்படியே லேப்டாப்புக்குக் காப்பி செய்யுங்கள். முடிந்ததும் இன்னொரு பென் டிரைவிலும் ஒரு காப்பி. அது முடியும் வரை ஐபாடில் ஒன்றையும் அழிக்கவோ சேர்க்கவோ வேண்டாம்.

ஃபைல் பெயரெல்லாம் சம்பந்தமில்லாத நாலு எழுத்தாக இருக்கும். பதறாதீர்கள். ஐபாட் அப்படித்தான் வைத்துக்கொள்ளும். சினிமாப் பாட்டுக்கெல்லாம் பெயர் ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கும், ஐடியூன்ஸில் இழுத்துப் போட்டால் வந்துவிடும். அப்பாரு பாடியதற்கு அண்ணன் பெயர் எழுதாமல் விட்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க நான் செய்கிற வழி இது: எல்லா ஃபைலையும் அளவு வாரியாக அடுக்குங்கள். சாதாரணமாக எம்பி3 ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி பிடிக்கும். ஐந்து நிமிஷப் பாட்டு 5 எம்பி. 90 நிமிஷக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிஷம், அப்படியே ஒரே ஃபைலாக ஏற்றியிருந்தால் 40 எம்பிக்கு மேல் போகும். மேலே வந்து நிற்கிற பெரிய ஃபைல்களைத் திறந்து கேளுங்கள், உடுக்கைச் சத்தம் கேட்கும். எந்த இரவு, கதையில் எந்த இடம் என்று வீட்டில் பெரியவர்களை உட்காரவைத்துக் கேட்டு, அதையே பெயராக எழுதிவிடுங்கள். அண்ணமார் கதை பல ராத்திரி நீளும். இப்போது எழுதாவிட்டால் எது முன், எது பின் என்று சொல்ல அப்புறம் ஆள் இருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கிளாசிக்கில் இருப்பது 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க், உள்ளே தட்டு சுற்றுகிறது. கிளாசிக்கை 2014-இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே எப்படிப் பார்த்தாலும் உங்களுடையது பத்து வருஷம் தாண்டிய டிஸ்க். வீட்டுக்காரர் தாராளமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகட்டும், ஆனால் அப்பாருவின் குரல் அது ஒன்றில் மட்டும் இருக்கக் கூடாது. இவ்வளவும் செய்து முடியவில்லையென்றால் ஐபாடை எடுத்துக்கொண்டு கோபிக்கு வாருங்கள். காசு பேச வேண்டாம், நான் பார்த்துத் தருகிறேன்.

கேள்வி: ஐபாட் இல்லை, சாதாரண எம்பி3 பிளேயர். கணினியில் செருகினால் சார்ஜ் மட்டும் ஆகிறது. பஞ்சு, தூசு எதுவும் இல்லை.
— ஒரு கல்லூரி மாணவர், பெருந்துறை

பதில்: ஒயரை மாற்றிப் பாருங்கள் தம்பி. யூஎஸ்பி முனையை வெளிச்சத்தில் பார்த்தால் நாலு தங்கக் கோடு தெரியும். ஓரத்து இரண்டும் கரண்டுக்கு, கொஞ்சம் நீளமாக இருக்கும். நடுவில் இரண்டும் டேட்டாவுக்கு. விலை குறைந்த ஒயர்கள் சிலவற்றில் உள்ளே கரண்டுக் கம்பி இரண்டு மட்டும்தான் ஓடும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. போனிலிருந்து கணினிக்குப் போட்டோ மாற்ற முடிகிற ஒயர் எதுவோ அதைப் போடுங்கள், முனை பொருந்தினால் போதும். யூஎஸ்பி ஹப்பில் செருகாமல் நேராகக் கணினியில் செருகுங்கள்.

கேள்வி: நான் பெண்பிள்ளைகளுக்கு வள்ளி கும்மி சொல்லித் தருகிறேன். ஆசிரியர் வாட்ஸ்அப்பில் பாடி அனுப்பிய பாட்டுகளைப் பிளேயரில் போட்டால் சிலது ஏறவே இல்லை. ஏறியதும் வரிசை மாறிப் பாடுகிறது. அரங்கேற்றம் பக்கத்தில் வந்துவிட்டது.
— ஒரு வாசகி, அவிநாசி

பதில்: வாட்ஸ்அப்பில் மைக்கை அழுத்திப் பாடி அனுப்புவது ஓபஸ் என்ற வகையில் வரும். பழைய பிளேயருக்கு அது தெரியாது, அதனால் தாண்டிவிடுகிறது. கணினியில் விஎல்சி இருந்தால் அதிலேயே எம்பி3யாக மாற்றலாம், இலவசம்தான்.

வரிசை விஷயம் வேறு. இந்தச் சின்னப் பிளேயர்களில் பல, பெயரைப் பார்த்துப் பாடுவதில்லை. எது முதலில் காப்பி ஆனதோ அதை முதலில் பாடும். மொத்தமாகப் பிடித்து இழுத்துப் போட்டால் கலைந்துவிடும். பாட்டை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, மெமரி கார்டைக் காலி செய்யுங்கள். காப்பு, வணக்கம் என்று உங்கள் அடவு வரிசைப்படி 01, 02 என்று பெயருக்கு முன்னால் எண் போட்டு, ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. முடிந்ததும் 'இஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்காதீர்கள், கடைசிப் பாட்டு பாதியில் நின்றுபோகும். அரங்கேற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே, பிள்ளைகளை நிறுத்தி, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரு தடவை முழுசாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பழைய ஐபாட் வாங்கலாமா?
— ஒரு வாசகர், பவானி

பதில்: டச் மாடலும் 2022-இல் நின்றுவிட்டது, இனி கிடைப்பதெல்லாம் பழசுதான். நானோ, ஷஃபில் என்றால் உள்ளே சுற்றுகிற பாகம் இல்லை, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும். கிளாசிக் என்றால் பாட்டை ஓடவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, முதுகை அப்படியே காதோடு ஒட்டி வைத்துக் கேளுங்கள். லேசாகச் சுற்றுகிற ஓசை வந்தால் சரி. 'டிக், டிக்' என்று தட்டிக்கொண்டே இருந்தால் டிஸ்க் போகப்போகிறது, வாங்க வேண்டாம்.