நின்டெண்டோ 64 ஜாய்ஸ்டிக் தொளதொளவென்று ஆடினால் என்ன செய்வது?

கனடா ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணா வாங்கிய நின்டெண்டோ 64 வீடியோ கேம் மெஷின் இன்னும் நன்றாக ஓடுகிறது. சாம்பல் நிறக் கன்ட்ரோலர்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் ஜாய்ஸ்டிக் தொளதொளவென்று ஆடுகிறது, முழுக்க முன்னே தள்ளினாலும் மாரியோ முன்புபோல் ஓடுவதில்லை. இன்னொன்றில் ஸ்டிக் இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கையை எடுத்த பிறகும் மாரியோ தானாக நடக்கிறார். இரண்டிலும், நின்டெண்டோ பிறகு விட்ட கேம்கியூப் மெஷினில் இருப்பது மாதிரி புது ஸ்டிக் போட்டால் பழையதைவிட நன்றாக இருக்கும் என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார். போடலாமா? பிள்ளைகள் விளையாடத்தான் கேட்கிறேன். எனக்கு சால்டரிங் தெரியாது."

போட வேண்டாம். உங்கள் கன்ட்ரோலர்கள் இரண்டுக்கும் வந்திருப்பது வெவ்வேறு கோளாறு. முதலாவதற்குத் தேய்ந்துபோன மூன்று நான்கு பிளாஸ்டிக் துண்டுகளை மாற்றினால் போதும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். எதற்கும் சால்டரிங் தேவையில்லை. இரண்டையும் திறந்தே பார்க்காமல் இரண்டுக்கும் ஒரே மருந்து எழுதுகிறவரிடம் கன்ட்ரோலரைக் கொடுக்காதீர்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. ஸ்டிக்கின் அடிமுனை ஒரு சிறிய பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆட்டுக்கல்லில் குழவி சுழல்வதுபோல அந்த முனை கிண்ணத்தில் உரசிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசினால் இரண்டும் தேயும். கன்ட்ரோலரைத் திறந்தால் வெள்ளையாக மாவு மாதிரி கொட்டிக் கிடக்குமே, அது வெளியிலிருந்து வந்த தூசி அல்ல, உங்கள் ஸ்டிக்கின் உடம்பு. ஸ்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாகக் கவ்விப் பிடிக்கும் இரண்டு வளைந்த கைகளும் உண்டு. அவற்றின் நடுவிலுள்ள நீண்ட துளைகள் அகன்றுபோகும். கிண்ணம் குழிந்து, துளை அகன்றால், ஸ்டிக் தொங்கிப்போகும். உங்கள் முதல் கன்ட்ரோலரின் கதை இதுதான்.

அந்த வளைந்த கைகளின் ஓரத்தில் பற்கள் இருக்கின்றன. ஸ்டிக் அசையும்போது அவை இரண்டு சிறு சக்கரங்களைச் சுழற்றும். சக்கரத்தைச் சுற்றிலும் நுண்ணிய இடுக்குகள். ஒரு பக்கமிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பாயும், மறுபக்கத்து உணரி ஒளி எத்தனை தடவை வெட்டுப்படுகிறது என்று பார்க்கும். பழைய உருண்டை வைத்த கம்ப்யூட்டர் மவுஸ் வேலை செய்த அதே முறை. ஆகவே இந்த ஸ்டிக் எங்கே நிற்கிறது என்பது கன்ட்ரோலருக்கு நேரடியாகத் தெரியாது. மெஷினைப் போட்ட நேரத்தில் எங்கே நின்றதோ அதுதான் நடு என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து எத்தனை படி நகர்ந்தது என்று எண்ணிக்கொண்டே போகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் இரண்டாவது கன்ட்ரோலருக்கு இது வேண்டும்.

புதிதாக இருந்தபோது மேலே, கீழே, பக்கவாட்டில் ஏறக்குறைய 80 முதல் 85 படி வரை எண்ணும், மூலைகளில் 70-ஐ ஒட்டி நிற்கும். அந்தக் காலத்து விளையாட்டுகளெல்லாம் இந்த அளவை வைத்துத்தான் எழுதப்பட்டன. தேய்ந்த ஸ்டிக் 60-க்குள் வந்து நின்றுவிடும். மாரியோ சோம்பேறியாகிவிட்டார் என்று தோன்றுவது அதனால்தான்.

இப்போது கடைக்காரர் சொன்ன புது ஸ்டிக்குக்கு வருகிறேன். கேம்கியூப் பாணி ஸ்டிக் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் பொட்டென்ஷியோமீட்டர் வைத்தவை. மின்தடையின் அளவு மாறுவதை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பவை. நின்டெண்டோ 64 எதிர்பார்ப்பதோ படிக்கணக்கு. எனவே நடுவில் ஒரு சின்ன சிப்பை வைத்து, இதை அதுவாக மொழிபெயர்க்கிறார்கள். மலிவான ஸ்டிக்குகளில் அந்தக் கணக்கு கரடுமுரடாக இருக்கிறது. பாதி தூரம் சாய்த்தாலே முழுவேகம் என்று சொல்லிவிடும், அல்லது 85-ஐத் தாண்டிப் போகும். மாரியோ 64-இல் தூங்கும் பிரானா செடியை எழுப்பாமல் பக்கத்தில் போக மெல்ல மெல்ல நடக்க வேண்டும் அல்லவா? இந்த ஸ்டிக்கில் அந்த நடை வருவதே கஷ்டம், எடுத்த எடுப்பில் ஓட்டம்தான். 1997-இல் வந்த கோல்டன்ஐ என்ற துப்பாக்கி விளையாட்டில் குறி வைத்தால் குறி துள்ளிக்கொண்டு போகும். கையில் பிடித்தால் இறுக்கமாக, புத்தம் புதிதாக இருக்கும், வாங்குகிறவர் ஏமாறுவது அந்த இறுக்கத்தில்தான்.

அதைவிட எனக்குக் கோபம் வருவது இன்னொரு விஷயத்தில். புது ஸ்டிக் போட்ட பிறகு பழைய ஸ்டிக் எங்கே போகிறது? பல வாடிக்கையாளர்கள் கேட்பதே இல்லை. பழசு குப்பைக்குப் போகாது. கிண்ணத்தையும் கைகளையும் மாற்றி, ஒரிஜினல் ஸ்டிக் என்று இன்னொருவரிடம் நல்ல விலைக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கன்ட்ரோலரிலேயே விலை மதிப்புள்ள பாகம் அந்த ஒளி உணரும் ஒரிஜினல் தொகுதிதான். எந்த வேலைக்குக் கொடுத்தாலும், கழற்றிய பாகங்கள் எல்லாம் திரும்ப வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஆன்லைனில் 'ரீஃபர்பிஷ்டு' என்ற பெயரில் வருவதையும் நம்பாதீர்கள். அந்தப் பெயரை எல்லா விற்பனையாளர்களும் ஒரே அர்த்தத்தில் சொல்வதில்லை. துடைத்து வைத்ததும் ரீஃபர்பிஷ்டு, கெட்டியான கிரீஸை அப்பி ஆட்டத்தை மறைத்ததும் ரீஃபர்பிஷ்டு, ஸ்பிரிங்குக்குக் கீழே எதையாவது திணித்து இறுக்கியதும் ரீஃபர்பிஷ்டு. திணித்த ஸ்டிக் இன்னும் சீக்கிரம் தேயும், அழுத்தம் கூடினால் உரசல் கூடும். நல்ல விற்பனையாளர் எண்களைத் தருவார், நான்கு பக்கமும் நான்கு மூலையும் எத்தனை படி என்று படம் போட்டிருப்பார். எண் இல்லாத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஹால் எஃபெக்ட் என்றும் இப்போது ஒரு சத்தம் கேட்கிறது, காந்தத்தால் இயங்குவது, தேயாது, புது டெக்னாலஜி என்று. புதிதெல்லாம் இல்லை. சேகா கம்பெனி 1996-இல் தன் சாட்டர்ன் மெஷினுக்கு விட்ட 3டி பேட் என்ற கன்ட்ரோலரிலும், 1998-இல் ட்ரீம்காஸ்ட் மெஷினின் கன்ட்ரோலரிலும் அதைத்தான் வைத்திருந்தது. நல்ல முறைதான், ஆனால் இந்த மெஷினில் போட வேண்டுமென்றால் அதற்கும் அதே மொழிபெயர்ப்பு சிப் வேண்டும். ஒளி உணரும் ஒரிஜினல் பலகை உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கு அது தேவையில்லை.

சரி, முதல் கன்ட்ரோலர். மெஷினைத் திறக்கும் 4.5 மில்லிமீட்டர் விசேஷ பிட், கேசட்டைத் திறக்கும் 3.8 மில்லிமீட்டர் பிட் இரண்டையும் சேர்த்து 'கன்ட்ரோலர் ரிப்பேர் செட்' என்று தலையில் கட்டுவார்கள். கன்ட்ரோலருக்கு அவை வேண்டவே வேண்டாம். முழுக்கச் சாதாரண பிளஸ் ஸ்க்ரூதான். பின்புறம் ஏழு, மெமரி பேக் செருகும் குழிக்குள் சிறியதாக இரண்டு. அந்த இரண்டை மறந்துவிட்டு நெம்பித்தான் பலர் மூடியை உடைக்கிறார்கள். திறந்ததும் ஒரு போட்டோ எடுங்கள். ஸ்டிக் தொகுதி மூன்று ஸ்க்ரூவில் நிற்கும், அதன் ஒயர் ஒரு சிறு பிளக்கில் செருகியிருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்து இழுங்கள்.

தொகுதியைப் பிரிக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் அடுக்குங்கள். கிண்ணம், இரண்டு கைகள், தேவைப்பட்டால் ஸ்டிக், இவைதான் மாற்ற வேண்டியவை. கைகள் இரண்டும் ஒரே மாதிரி இல்லை, ஒன்று மேலே, ஒன்று கீழே. பற்களை எந்த இடத்தில் கோர்ப்பது என்று தடுமாற வேண்டாம். படிக்கணக்கு மெஷின் போட்ட பிறகுதான் தொடங்குகிறது, எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர்ந்தாலும் ஒன்றுதான்.

பாகங்கள் வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள், கிண்ணத்தின் உட்புறம் வழுவழுவென்று இருக்க வேண்டும். வீட்டு 3டி பிரிண்டரில் அச்சடித்து அப்படியே விற்கும் கிண்ணங்களில் வரிவரியாக மேடு இருக்கும், உப்புக்காகிதம் மாதிரி ஸ்டிக்கின் முனையைத் தின்றுவிடும். அச்சில் வார்த்ததை வாங்குங்கள். தேய்ந்த கிண்ணத்தின் குழியைப் பசை ஊற்றி நிரப்பும் வேலைக்கும் போகாதீர்கள். அப்புறம் கிரீஸ். பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிகோன் கிரீஸ், கிண்ணத்தில் ஒரு மிளகளவு, கைகளின் துளைகளில் மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். வாசலின், டபிள்யூ.டி.40, தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் வேண்டாம். முக்கியமாக, இடுக்குச் சக்கரங்களின் பக்கம் கிரீஸ் போகவே கூடாது.

இந்தக் கிண்ணத்தையும் கைகளையும் செய்த கம்பெனியே பொதுமக்களுக்கு விற்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. தேயும் ஒரு பொருளை விற்றவர்கள், தேயும் பாகத்தைத் தனியாக விற்கவில்லை. கனடாவில் 2024 நவம்பரில் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள், பழுதுபார்ப்பதற்காக டிஜிட்டல் பூட்டைத் திறப்பது குற்றமில்லை என்று. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஸ்டிக்குக்குப் பூட்டு எங்கே இருக்கிறது? பாகத்தைக் கொடு என்று சொல்லும் சட்டம் அல்லவா வேண்டும்? அது வராதவரைக்கும் இடைத்தரகர் ராஜ்ஜியம்தான்.

இனி உங்கள் இரண்டாவது கன்ட்ரோலர். இதை நிதானமாகப் படியுங்கள். ஸ்டிக் இறுக்கமாக இருந்தும் மாரியோ தானாக நடந்தால் அது தேய்மானம் இல்லை. நான் மேலே சொன்ன படிக்கணக்கு பிசகியிருக்கிறது. அது பிசகப் பெரும்பாலும் இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, மெஷினைப் போடும்போது யாரோ ஸ்டிக்கைச் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். பிள்ளைகள் கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டே பட்டனைத் தட்டுவார்கள் அல்லவா, சாய்ந்த இடத்தையே நடு என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். ஸ்டிக்கிலிருந்து கையை முழுக்க எடுத்துவிட்டு, எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நடு மறுபடி சரியாகிவிடும். அதோடு பிரச்சினை திரும்பவே இல்லை என்றால் கன்ட்ரோலரைத் திறக்கவே வேண்டாம். இதை மட்டும் செய்துவிட்டுக் காசு வாங்குகிற கடைகளும் உண்டு.

அழுத்தினால் சரியாகிறது, வேகமாக விளையாடினால் மீண்டும் நடக்கத் தொடங்குகிறார் என்றால் இரண்டாவது வழி. சக்கரத்து இடுக்கிலோ ஒளி உணரியின் முகத்திலோ அந்த வெள்ளைத் தூள் படிந்திருக்கிறது. சில வெட்டுகளை உணரி பார்க்காமல் விட்டுவிடும். முன்னே போனபோது 80 எண்ணி, திரும்பும்போது 74 மட்டும் எண்ணினால் 6 படி மிச்சம், அந்த மிச்சத்தில்தான் மாரியோ நடக்கிறார். மாரியோ 64-இன் தொடக்கத் திரையில் மாரியோவின் முகத்தை இழுக்கும் கை ஒன்று வரும். அதை எட்டுப் பக்கமும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஒரே ஒரு பக்கத்தில், அதாவது மேல்கீழிலோ இடவலத்திலோ மட்டும், விட்டுவிட்டு நகர்ந்தால் அந்தப் பக்கத்துச் சக்கரம்தான் அழுக்கு. முதலில் உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூளைத் தள்ளுங்கள். பிறகு பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, பிழிந்து, சக்கரத்தின் இரு பக்கமும் உணரியின் முகத்திலும் ஒற்றியெடுங்கள். உங்கள் ஊர் மருந்துக்கடையில் 70 சதவீதமும் 99 சதவீதமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், 99-ஐ எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள். சுத்தம் செய்தும் அதே பக்கம் அடம் பிடித்தால், பிளக்கை ஒரு தடவை கழற்றி அழுத்திச் செருகிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் மட்டும், ஒளி உணரும் பலகை போய்விட்டது என்ற முடிவுக்கு வாருங்கள்.

இரண்டும் சரியான பிறகு பிள்ளைகள் மாரியோ பார்ட்டி முதல் பாகத்தைக் கேட்டால் யோசித்துக் கொடுங்கள். அதில் ஸ்டிக்கைச் சுழற்றும் போட்டிகள் இருக்கின்றன, வேகத்துக்காக உள்ளங்கையை வைத்து அழுத்திச் சுழற்றுவார்கள். கை புண்ணாகிறது என்று புகார் எழுந்து, நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2000-இல் நின்டெண்டோ கையுறை கொடுக்க வேண்டி வந்தது. கைக்குக் கையுறை கிடைத்தது, கிண்ணத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் வேறு கம்பெனியின் மலிவான கன்ட்ரோலர் ஒன்றை வாங்கிச் செருகிவிடுங்கள். அண்ணாவின் இரண்டையும் அன்றைக்கு எடுத்து உள்ளே வையுங்கள்.