புரொசசர் கூட்டியும் செர்வர் நகரவில்லையா? விஎம்மின் சாக்கெட் எண்ணிக்கையைப் பாருங்கள்

பட்டர்வொர்த்தில் ஒரு ஃபார்வர்டிங் அலுவலகத்தில் கணக்கு வேலையோடு ஐடி வேலையையும் சேர்த்துப் பார்க்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, எங்களிடம் இருப்பது பழைய இரண்டு சாக்கெட் (புரொசசர் உட்காரும் இடம்) செர்வர். இன்டெல் ஜியான் இ5-2650 வி2 ஒன்று இருந்தது, அதே மாடலில் இன்னொன்று வாங்கிப் போட்டோம். ஒரே செர்வருக்குள் பல விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் புராக்ஸ்மாக்ஸ் ஓடுகிறது, அதற்குள் ஒரு விஎம்மில் விண்டோஸ் செர்வர் 2019, இலவச டேட்டாபேஸான எஸ்கியூஎல் செர்வர் எக்ஸ்பிரஸ், அதன் மேல் கணக்கு மென்பொருள். விஎம்முக்கு 4 புரொசசர் கொடுத்துவிட்டேன். ஆனாலும் மாதக் கடைசியில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் வேலை செய்தால் எல்லாம் இழுக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் சிபியு 25 சதவீதத்தில் போய் நின்றுகொள்கிறது. மல்டி புரொசசரை ஆன் செய்ய எங்காவது செட்டிங் இருக்கிறதா? காசு செலவழித்த கடுப்பில் முதலாளி தினமும் கேட்கிறார்."

தம்பி, பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. 4 புரொசசரில் ஒன்று மட்டும் முழுதாக உழைத்து மற்ற மூன்றும் வேடிக்கை பார்த்தால் மொத்தக் கணக்கு சரியாக 25 சதவீதம். ஒவ்வொரு கோரின் கிராஃபையும் தனித்தனியாகப் பார்த்தால் இது தெரியாமலும் போகலாம், ஏனென்றால் விண்டோஸ் ஒரே வேலையை ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு மாற்றிக்கொண்டே இருக்கும், நாலும் கொஞ்சம் கொஞ்சம் ஓடுவது போலக் காட்டும். அதனால் மொத்தத்தைத்தான் பார்க்க வேண்டும், அதைத்தான் நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

நீங்கள் தேடும் "ஆன்" செட்டிங் இன்று கிடையாது. நோவெல் நெட்வேர் 5 என்ற பழைய செர்வர் ஓஎஸ் ஓட்டிய ஆட்களுக்கு நினைவிருக்கும், ஸ்டார்ட்அப் கோப்பில் பல புரொசசருக்கான பிஎஸ்எம் மாட்யூலை ஏற்றும் வரி இல்லாவிட்டால் இரண்டாவது புரொசசர் சும்மாவே கிடக்கும். இப்போதைய லினக்ஸும் விண்டோஸும் பயோஸ் காட்டுகிற கோர்களை பூட் ஆகும்போதே எடுத்துக்கொள்கின்றன. எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் பகுதியில் "நம்பர் ஆஃப் புரொசசர்ஸ்" பெட்டியை டிக் செய்தால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து செய்யாதீர்கள். அது கூட்டுவதற்கான பெட்டி இல்லை, கட்டுப்படுத்துவதற்கான பெட்டி. ஏற்கெனவே டிக் செய்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

முதலில் வன்பொருளை ஒரு பார்வை பார்த்துவிடலாம். புராக்ஸ்மாக்ஸில் உங்கள் நோடின் (அதாவது அந்த செர்வரின்) சம்மரி பக்கத்தில் சிபியு வரியில் 32 என்றும், வரியின் கடைசியில் 2 சாக்கெட்ஸ் என்றும் இருக்க வேண்டும் (இந்த மாடலில் 8 கோர், 16 த்ரெட், அது இரண்டு தடவை). 16 என்று காட்டினால் ஒன்று இரண்டாவது புரொசசர் சரியாக உட்காரவில்லை, அல்லது பயோஸில் ஒரு கோரை இரண்டு த்ரெடாகக் காட்டும் ஹைப்பர் த்ரெடிங் அணைந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் சாக்கெட் எண்ணிக்கையே எது என்று சொல்லிவிடும். அப்புறம் ரேம். இரண்டாவது புரொசசருக்குத் தனி ரேம் ஸ்லாட்டுகள் உண்டு, அவை காலியாக இருந்தால் அது ஒவ்வொரு தடவையும் முதல் புரொசசர் வழியாகப் போய்த்தான் ரேமைத் தொட வேண்டியிருக்கும், அதனால் இருக்கும் ரேமை இரண்டு பக்கமும் சரிபாதியாகப் பிரித்துப் போடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் உங்கள் 25 சதவீதம் மாறாது, ஏனென்றால் சிக்கல் விஎம்மில் இருக்கிறது. புராக்ஸ்மாக்ஸில் அந்த விஎம்மின் ஹார்டுவேர் பகுதியில் புரொசசர்ஸ் வரியை இரண்டு முறை கிளிக் செய்து பாருங்கள். சாக்கெட்ஸ் 4, கோர்ஸ் 1 என்று இருக்கும், பந்தயமே கட்டுவேன். பெருக்கினால் எப்படியும் 4 தானே என்று தோன்றும். விண்டோஸ் செர்வருக்கு அது பெரிய விஷயமில்லை. எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸுக்கு அதுதான் விஷயம்: அதன் லைசென்ஸ் வரம்பு ஒரு சாக்கெட் அல்லது 4 கோர், இதில் எது குறைவோ அது. சாக்கெட்டுக்கு ஒரு கோர் என்று நீங்கள் கொடுத்திருப்பதால் முதல் சாக்கெட்டின் அந்த ஒரே கோரோடு அது நின்றுவிடுகிறது. நம்பிக்கை இல்லையென்றால் எஸ்கியூஎல் செர்வரின் எரர் லாக்கைத் திறந்து தொடக்க வரிகளைப் படியுங்கள். 4 சாக்கெட் கண்டேன், சாக்கெட்டுக்கு 1 கோர், மொத்தம் 4 லாஜிக்கல் புரொசசர், லைசென்ஸ்படி 1 மட்டும் பயன்படுத்துகிறேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். ஒவ்வொரு முறை சர்வீஸ் தொடங்கும்போதும் அது ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைக்கிறது, யாரும் படிப்பதில்லை.

மாற்றும் வேலை பத்து நிமிடம். பேக்கப் எடுங்கள், எல்லோரையும் மென்பொருளிலிருந்து வெளியே வரச் சொல்லுங்கள், விஎம்மை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் போதாது, புதிய அமைப்பு பெண்டிங்கிலேயே நிற்கும். சாக்கெட்ஸ் 1, கோர்ஸ் 6 என்று வைத்து புராக்ஸ்மாக்ஸிலிருந்து ஸ்டார்ட் கொடுங்கள். எஸ்கியூஎல் 4 கோர் எடுத்துக்கொள்ளும், மீதி இரண்டு விண்டோஸுக்கும் இ-இன்வாய்ஸ் அனுப்பும் வேலைக்கும். ஒரு புரொசசரிலேயே 8 கோர் இருப்பதால் நுமா பெட்டியை (எந்தப் புரொசசருக்கு எந்த ரேம் பக்கம் என்பதை விஎம்முக்குக் காட்டும் செட்டிங்) தொட வேண்டாம். லாக்கில் அந்த வரி இப்போது 4 என்று காட்ட வேண்டும்.

முதலாளியிடம் போய்ச் சொல்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்பிரஸ் பதிப்பு ஒரு குவெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வியை) பல கோர்களுக்குப் பிரித்து ஓட்டாது. பினாங்குப் பாலத்து டோலில் நாலு லேன் திறந்திருந்தாலும் ஒரு கார் ஒரு லேனில்தான் போக முடியும், அதே கதைதான். ஒருவர் தனியாக ஓட்டும் ஆண்டறிக்கை முன்பு எவ்வளவு நேரம் எடுத்ததோ இப்போதும் ஏறக்குறைய அவ்வளவுதான் எடுக்கும். ஐந்து பேர் ஒன்றாக வேலை செய்யும்போது ஒருவர் பின்னால் ஒருவர் காத்திருப்பதுதான் குறையும். ஆகவே சோதிக்கும்போது தனியாக உட்கார்ந்து சோதிக்காதீர்கள், இரண்டு பேரை ஒரே நேரத்தில் கனமான ரிப்போர்ட் ஓட்டச் சொல்லுங்கள். 6 கோரில் ஒரு ரிப்போர்ட் 17 சதவீதத்துக்கு அருகில் நிற்கும், இரண்டு ஓடும்போது 33-ஐத் தொட்டால் வேலை முடிந்தது.

தனி ரிப்போர்ட்டும் வேகமாக வேண்டுமென்றால் கோர் கூட்டிப் பயனில்லை. எஸ்எஸ்டி இல்லாவிட்டால் அதை முதலில் போடுங்கள், மென்பொருள் விற்றவர்களிடம் இண்டெக்ஸைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். விஎம்முக்கு ரேமை அள்ளிக் கொடுப்பதிலும் அர்த்தமில்லை, எக்ஸ்பிரஸ் 2019 தரவுக்கென்று 1,410 எம்பிக்கு மேல் பஃபரில் (ரேமில் தரவை வைத்திருக்கும் இடம்) வைத்துக்கொள்ளாது. அதற்கு மேல் போனால் ஸ்டாண்டர்ட் பதிப்பு வாங்க வேண்டும், அந்த விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். உண்மையைச் சொன்னால், இந்த ஒரு விஎம்முக்கு இரண்டாவது புரொசசரே தேவைப்பட்டிருக்காது. வேறு விஎம் ஓட்டும் எண்ணம் இல்லையென்றால் அதைக் கழற்றி வையுங்கள், அப்போது அதன் பக்கத்து ரேமையும் மறக்காமல் முதல் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.